புதிய மனைப்பிரிவுகளும் எல்லைக் கற்களும்

நகரங்களை அடுத்த கிராமங்களிலும், நெடுஞ்சாலைகளை ஒட்டிய ஊர்களிலும், சில ஆண்டுகளுக்கு முன்பு வரை கடலையும் கம்பும் விளைந்த புன்செய் நிலங்கள் இன்று வீட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டு வருகின்றன. ஒரே பட்டாவில், ஒரே குடும்பத்தின் அநுபவத்தில் இருந்த ஐந்து ஏக்கர் நிலம், பிரிவினை முடிந்ததும் ஏறக்குறைய அறுபது குடும்பங்களுக்குச் சொந்தமாகிவிடுகிறது. முன்பு சில மூலைக் கற்களைக் கொண்டு எல்லை அறியப்பட்ட அதே நிலத்தில், இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட மூலைகள் தோன்றுகின்றன. ஒவ்வொரு மூலையிலும் நிலையான ஒரு கல் நின்று, அக்கல் அரசாங்கப் பதிவேட்டிலும் ஏறிவிடுமானால், அங்கே குடியேறுவோர் நிம்மதியாக வாழ்வர். அவ்வாறின்றேல், அந்த மூலைகளில் எதுவும் ஒரு வழக்குக்கு வித்தாகலாம். ஆகையால், மனைப்பிரிவுகளில் கல் நாட்டும் முறைபற்றியும், அதில் பஞ்சாயத்துக்கும் விவசாயிகளுக்கும் உள்ள பொறுப்புப்பற்றியும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கல் நாட்டும் மரபு

எல்லைக்குக் கல் நாட்டுவது நமக்குப் புதிய வழக்கமன்று. பல்லவர், சோழர் காலத்துச் செப்பேடுகளில், ஓர் ஊரையோ நிலத்தையோ தானமாக அளித்தபோது, ஊரார் எல்லை வழியே நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறித்த செய்தி காணப்படுகிறது. பெண் யானையை நடத்தி எல்லையைச் சுற்றி வந்ததாகவும் சில செப்பேடுகள் கூறுகின்றன. சிவன் கோயில் நிலங்களுக்குச் சூலம் பொறித்த கற்களும், திருமால் கோயில் நிலங்களுக்குச் சக்கரம் பொறித்த கற்களும் நாட்டப்பெற்றன. எல்லை என்பது ஊரார் பலரும் கண்டு அறிந்ததாக இருக்கவேண்டும் என்பதே இவ்வழக்கங்களின் உட்கருத்து எனலாம்.

பிற்காலத்தில் கணித முறைப்படி நிலத்தை அளக்கும் வழக்கம் வந்தது. 1802-ஆம் ஆண்டில் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறக்குறைய 7½ மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்து, பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினார். பின்னர், வருவாய் நில அளவை கிராமந்தோறும் நடைபெற்று, ஒவ்வொரு புலத்துக்கும் எண்ணும், கல்லும், படமும் ஏற்பட்டன. 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டமே இன்றளவும் இவற்றுக்கெல்லாம் ஆதாரமாக விளங்குகிறது. அச்சட்டத்தின்படி அளவை முடிந்து அறிவிக்கை வெளியான பின்பு, நீதிமன்றத் தீர்ப்பினால் மாற்றப்பட்டாலன்றி, பதிவேட்டில் கண்ட எல்லையே சரியான எல்லையாகும்.

கல், படம், பதிவேடு

எல்லை மூன்று இடங்களில் இருக்கிறது. நிலத்தில் அது கல்லாக நிற்கிறது. புலப்படத்தில் அளவாக இருக்கிறது. பட்டாவிலும் பத்திரத்திலும் எண்ணாகவும் எழுத்தாகவும் இருக்கிறது. இம்மூன்றும் ஒத்திருந்தால் தகராறுக்கு இடமில்லை. கல் ஓர் இடத்திலும், படம் ஓர் இடத்திலும், பத்திரம் வேறோர் இடத்திலும் காட்டுமாயின், எவ்வளவு நல்லவர்களாயினும் அண்டை வீட்டார் சச்சரவிடவே நேரிடும்.

புலப்படம் என்பது, ஒரு சர்வே எண்ணுக்குரிய நிலத்தின் வடிவத்தையும், ஒரு கல்லுக்கும் மற்றொரு கல்லுக்கும் இடையே உள்ள தூரத்தையும் காட்டும் படம். நிலம் பிரியும்போது எண்ணும் பிரிகிறது. 112 என்ற புலம் இரண்டாகப் பிரிந்தால் 112/1, 112/2 என்றும், 112/2 மீண்டும் பிரிந்தால் 112/2ஏ, 112/2பி என்றும் எண்கள் அமையும். இதற்கே உட்பிரிவு என்று பெயர். நில அளவர் நேரில் அளந்து தயாரித்த உட்பிரிவு, அதிகாரிகளின் ஒப்புதல் பெற்றுப் பதிவேட்டில் ஏறிய பிறகுதான் பிரிவினை முழுமை பெறுகிறது. பத்திரம் பதிவான உடனேயே எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணுவது தவறு. உட்பிரிவு ஆகாத நிலத்தில் மனை வாங்கியோர் அனைவரும் ஒரே கூட்டுப் பட்டாவில் கிடப்பர். அவரவர் மனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் புலப்படம் காட்டாது.

மனை விற்பவர்கள் மூலைகளில் வெள்ளையோ மஞ்சளோ பூசிய சிறு கற்களை நட்டுவைப்பதை நாம் காண்கிறோம். அவை வாங்குவோருக்கு இடத்தைக் காட்டுவதற்கு உதவும். ஆனால், உட்பிரிவு ஆகும்வரை அவை அரசாங்க நில அளவைக் கற்கள் ஆகமாட்டா. மாடு முட்டினாலும் சாயக்கூடிய அத்தகைய கல்லை நம்பி அஸ்திவாரம் தோண்டுவது ஆபத்தானது.

நான்கு பக்கம் அளந்தால் போதாது

மனை வாங்குவோர் பலர், நாடாவைக் கொண்டு நான்கு பக்கங்களையும் அளந்து பார்த்து, அளவு சரியாக இருந்தால் திருப்தி அடைந்துவிடுகின்றனர். இது போதாது. கயிற்றுக் கட்டிலின் சட்டம் தளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்திருக்கிறோம். சாய்ந்தபின்பும் நான்கு சட்டங்களின் நீளமும் குறைவதில்லை. ஆனால் படுக்கும் இடம் குறைகிறது. மனையும் அவ்வாறே.

40 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள மனையின் பரப்பு 2,400 சதுர அடி. அதாவது ஏறக்குறைய 5½ சென்ட். இம்மனையின் மூலைகள் செங்கோணமாக இருந்தால், எதிர் மூலைகளுக்கு இடையே உள்ள இரண்டு குறுக்களவுகளும் சமமாக, சுமார் 72 அடி 1 அங்குலம் இருக்கவேண்டும். அதே 40 அடியும் 60 அடியும் மாறாமல், மூலை 70 பாகையாகச் சாய்ந்துவிட்டால், ஒரு குறுக்களவு சுமார் 82¾ அடியாகவும் மற்றொன்று 59¾ அடிக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகிவிடும். பரப்போ சுமார் 2,255 சதுர அடியாகிவிடும். நான்கு பக்கமும் சரியாக இருந்தும் 145 சதுர அடி, அதாவது ஒரு சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு காணாமற் போகிறது!

இக்காரணம் பற்றியே நமது மாநிலத்து நில அளவை முறையில் புலத்தின் குறுக்கே கோடு போட்டு, அதை முக்கோணங்களாக்கி அளக்கிறார்கள். முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் தெரிந்தால் அதன் வடிவம் மாற இயலாது. வளைந்து செல்லும் வரப்புகளைக் குறிக்க, அளவைக் கோட்டிலிருந்து செங்குத்தாகச் சிறு தூரங்களை அளந்து எழுதிக்கொள்கிறார்கள். ஆகவே, மனை வாங்குபவர் நான்கு பக்கங்களோடு இரண்டு குறுக்களவுகளையும் அளக்கவேண்டும். மனை சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இல்லாவிட்டால், அங்கீகாரம் பெற்ற வரைபடத்தில் கண்ட அளவுகளோடு ஒப்பிட வேண்டும்.

அளவுகளைப் பற்றி ஒரு சொல். பழைய பத்திரங்கள் அடியிலும் சென்ட்டிலும் இருக்கும்; இன்றைய படங்கள் மீட்டரிலும், பதிவேடுகள் ஹெக்டேர், ஏர் ஆகியவற்றிலும் இருக்கும். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், அது 2.47 சென்ட்டுக்குச் சமம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 40 அடி என்பது 12.19 மீட்டர். இதைச் சுலபத்துக்காக 12 மீட்டர் என்று எழுதிவிட்டால் ஏழரை அங்குலம் குறைந்துவிடும். தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள எண்களையும் கவனித்துப் படித்தல் வேண்டும்.

பிழை சேரும் விதம்

நில அளவையில் முதல் விதி, வெளி எல்லையை முதலில் நிச்சயித்துக்கொண்டு பின்னர் உள்ளே பிரிப்பது என்பதாகும். மனை பிரிப்போர் சிலர் இதற்கு மாறாக, ஒரு வேலியிலிருந்தோ சாலை ஓரத்திலிருந்தோ அளக்கத் தொடங்கி, ஒவ்வொரு மனையாக முளை அடித்துக்கொண்டு போகின்றனர். வேலி நின்ற இடம் உண்மையான எல்லைதானா என்று பார்ப்பதில்லை. ஒரு வரிசையில் 20 மனைகள், ஒவ்வொன்றும் 40 அடி அகலம் என்று கொள்வோம். நாடா தொய்வினாலும், முளையின் பருமனாலும் மனைக்கு 3 அங்குலம் வீதம் கூடுதலாகப் போய்விட்டால், வரிசையின் முடிவில் 5 அடி பிழை சேர்ந்துவிடும். கடைசி மனை 35 அடியாகக் குறையும். அல்லது அண்டை நிலத்துக்குள்ளோ, வாய்க்கால் புறம்போக்கிலோ புகுந்துவிடும். கடைசி மனையை வாங்குபவர் பெரும்பாலும் குறைந்த பணத்தோடு பின்னால் வந்த ஏழையாகவே இருக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

மேடு பள்ளமான நிலத்தில் இன்னொரு பிழையும் உண்டு. நிலத்தின் அளவு சரிவின்மீது அளக்கும் அளவன்று. மட்டமாக அளக்கும் அளவேயாகும். சரிவில் 100 அடி சென்றால் நிலம் 10 அடி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், மட்ட அளவு 99½ அடிதான் வரும். சரிவான இடத்தில் நாடாவை மட்டமாகப் பிடித்து, சிறு சிறு நீளங்களாக அளக்க வேண்டும்.

பஞ்சாயத்தின் பொறுப்பு

மனைப்பிரிவில் தனியார் மனைகளைக் காத்துக்கொள்ள அவரவர் இருக்கின்றனர். சாலைக்கும் பூங்காவுக்கும் விடப்பட்ட நிலத்தைக் காப்பவர் யார்? பஞ்சாயத்துதான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலைகள் போக எஞ்சிய பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி நிலமாக ஒதுக்கி உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாக எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது விதி. முற்கூறிய ஐந்து ஏக்கர், அதாவது 500 சென்ட் நிலத்தில், சாலைக்கு 125 சென்ட் போனால், எஞ்சுவது 375 சென்ட். அதில் திறந்தவெளி 37½ சென்ட். ஏறக்குறைய ஏழு மனைகளின் பரப்புக்குச் சமமான நிலம் இது. ஊர்க் குழந்தைகள் விளையாடுவதற்கு நிலம் கிடைக்கும் அருமையான வாய்ப்பு இது; நழுவவிட்டால் மீண்டும் கிடைப்பது அரிது.

தானப் பத்திரம் பதிவாகி, பஞ்சாயத்து அலுவலகத்தின் பீரோவில் வைக்கப்பட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. அந்நிலம் தனியே உட்பிரிவு செய்யப்பட்டு, வருவாய்க் கணக்கிலும் மாற்றம் பெறவேண்டும். அவ்வாறு செய்யாவிடில், கணக்கில் அது பழைய பட்டாதாரர் பெயரிலேயே நீடிக்கும். பத்து ஆண்டுகள் கழித்து, பூங்கா புதர் மண்டிக் கிடக்கும்போது, அது இன்னாருடைய நிலம் என்று யாரேனும் உரிமை கொண்டாடினால், பஞ்சாயத்து வழக்குமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்:

முதலாவது, மனைப்பிரிவின் அங்கீகார வரைபடத்தின் நகல் ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் மக்கள் பார்க்கும்படி வைக்கவேண்டும்.

இரண்டாவது, சாலைகளையும் திறந்தவெளியையும் பெற்றுக்கொள்ளும்போது, காகிதத்தில் மட்டும் பெறாமல், நேரில் சென்று, சாலை திரும்பும் இடங்களிலும் பூங்காவின் எல்லா மூலைகளிலும் உறுதியான கல் நின்ற பின்னரே பெற்றுக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, தானமாக வந்த நிலங்களுக்கு உட்பிரிவும் கணக்கு மாற்றமும் கோரி உடனே விண்ணப்பிக்கவேண்டும்.

நான்காவது, மனைப்பிரிவை ஒட்டிய ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை ஆகிய புறம்போக்குகளின் எல்லையை, நிலம் சமன் செய்யப்படுவதற்கு முன்பே அளந்து காட்டும்படி வருவாய்த் துறையினரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். புல்டோசர் ஓடிய பிறகு வாய்க்காலின் கரையைத் தேடுவது கடினம்.

ஐந்தாவது, ஆண்டுக்கு ஒரு முறையேனும் பொதுக் கற்களைச் சுற்றிப் பார்த்து, நிற்பவை, சாய்ந்தவை, காணாதவை எனக் குறித்துக்கொள்ளவேண்டும். நில அளவைக் கற்களைப் பார்வையிடுவது கிராம நிர்வாக அலுவலரின் கடமைகளுள் ஒன்று. அவரும் பஞ்சாயத்தும் சேர்ந்து செய்தால் வேலை எளிதாகும்.

சாலை எல்லையைக் காப்பது மிகமிக அவசியம். 9 மீட்டர் அகலமுள்ள சாலையில், ஒரு பக்கத்தார் இரண்டடி படிக்கட்டும், எதிர்ப் பக்கத்தார் இரண்டடி சாய்தளமும் கட்டிவிட்டால், நான்கடி போய்விடும். இருபுறமும் கல் நின்றால், அஸ்திவாரம் தோண்டும்போதே தடுத்துச் சொல்ல இயலும். கல் இல்லையேல், சொல்வதற்கு ஆதாரமும் இல்லை.

விவசாயிகள் அறியவேண்டியவை

நிலத்தில் ஒரு பகுதியை மனைக்காக விற்கும் விவசாயி, விற்பதற்கு முன்பே அப்பகுதியை அளந்து கல் நாட்டி, உட்பிரிவு செய்துகொள்வது அறிவுடைமை. பங்காளிகள் பாகம் பிரித்துக்கொள்ளும்போதும் இதுவே முறை. 'பெரிய வரப்புக்கு வடக்கே' என்று வாயால் பிரித்துக்கொண்டவர்களின் பிள்ளைகள், எது பெரிய வரப்பு என்று வழக்காடுவதைப் பல ஊர்களில் காண்கிறோம். பத்திரத்தில் எழுதிய பரப்பும் நான்கெல்லையும் முரண்பட்டால், பொதுவாக நான்கெல்லைக்கே நீதிமன்றங்கள் முதன்மை அளிப்பது வழக்கம். ஆதலின் 'கிழக்கே இன்னார் நிலம்' என்று மட்டும் எழுதாமல், உட்பிரிவு எண்ணையும், பக்க அளவுகளையும், குறுக்களவையும் எழுதச் செய்தல் வேண்டும்.

மனைப்பிரிவுக்கு அண்டையில் தொடர்ந்து பயிர் செய்யும் விவசாயியும் விழிப்போடிருக்க வேண்டும். நிலத்தைச் சமன் செய்யும் இயந்திரம் பொதுக் கல்லையும் சேர்த்து வாரிவிடுவது உண்டு. 660 அடி நீளமுள்ள வரப்பு ஓரடி நகர்ந்தால் 660 சதுர அடி, அதாவது ஒன்றரை சென்ட் நிலம் கைமாறிவிடும். ஆகையால் வேலை தொடங்குவதற்கு முன்பே, தம் எல்லைக் கற்களைப் புகைப்படம் எடுத்து, கிணற்றுச் சுவர், பாலம் போன்ற நிலையான இரண்டு அடையாளங்களிலிருந்து ஒவ்வொரு கல்லும் எத்தனை தூரம் என்று அளந்து எழுதிவைத்துக்கொள்வது நல்லது. நில அளவர் வருவதாக அறிவிப்புக் கிடைத்தால், அன்றைய வேலையை ஒத்திவைத்தாவது நேரில் நிற்கவேண்டும். பட்டாவையும் புலப்படத்தையும் அரசாங்கத்தின் இணையத் தளத்திலோ, இ-சேவை மையத்திலோ முன்கூட்டியே பெற்றுக்கொள்ளலாம்.

கல் காணாமற் போனால்

ஒரு கல் காணாமற் போனால் எல்லை அழிந்துவிட்டதாக அஞ்ச வேண்டுவதில்லை. மற்ற கற்கள் நிற்குமானால், படத்தைக் கொண்டு அதன் இடத்தை மீண்டும் கண்டுவிடலாம். நிற்கும் இரண்டு கற்களிலிருந்தும் படத்தில் கண்ட தூரங்களை அளந்து, அவ்விரண்டு அளவுகளும் சந்திக்கும் இடத்தைக் குறித்து, மூன்றாவது கல் ஒன்றிலிருந்து சரிபார்த்தால் போதும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கற்கள் போய்விட்டால், தொலைவிலுள்ள கற்களைத் தேடி அளந்து வரவேண்டும். காலமும் செலவும் கூடும். எனவே ஒரு கல் போனபோதே கவனிப்பது எளிது.

நாமே ஒரு கல்லைக் கொண்டுவந்து நட்டுவிடுவது முறையன்று. எல்லையை அளந்து காட்டும்படி விண்ணப்பித்து, அண்டை நிலத்தார் முன்னிலையில் நில அளவர் அளந்து காட்டிய இடத்திலேயே கல் நிற்கவேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தம் நிலத்தின் எல்லையிலும் உள்ளேயும் உள்ள நில அளவைக் கற்களைப் பேணுவதும் புதுப்பிப்பதும் பட்டாதாரரின் கடமை; தவறினால் அரசாங்கமே அதைச் செய்து, செலவை நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கலாம். அரசாங்க அலுவலர் நாட்டிய எல்லைக் குறியை வேண்டுமென்றே அழிப்பதும் நகர்த்துவதும் குற்றமாகும். 2023-ஆம் ஆண்டின் பாரதிய நியாய சம்ஹிதையின் 326-ஆம் பிரிவின்படி இதற்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இங்கே ஒன்றை விளங்கிக்கொள்வது அவசியம். கல் நிலத்துக்கு உரிமையை உண்டாக்குவதில்லை. எல்லையைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. நிலம் யாருடையது என்ற விவாதம் எழுந்தால், அதைத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றமே. நில அளவரால் அதைத் தீர்க்க இயலாது.

செயற்கைக்கோள் உதவியால் அளக்கும் கருவிகள் வந்துவிட்ட இக்காலத்தில் கல் எதற்கு என்று சிலர் வினவலாம். நில அளவைத் துறையினர் கையாளும் சிறந்த கருவிகள் மிக நுட்பமாக இடத்தைக் காட்டுகின்றன என்பது உண்மையே. ஆனால் நம் கையிலுள்ள கைப்பேசி காட்டும் இடத்தில் சில மீட்டர் பிழை இருக்கக்கூடும். 5 மீட்டர் பிழை என்றாலே 16 அடிக்கு மேல் ஆகிறது. 40 அடி மனைக்கு அது எவ்விதம் பொருந்தும்? அன்றியும், வரப்பு வெட்டும் உழவரும், சுவர் எழுப்பும் கொத்தனாரும் நாள்தோறும் பார்த்து நடப்பதற்குக் கண்முன் ஓர் அடையாளம் தேவை. கருவி கல்லின் இடத்தை நிச்சயிக்கட்டும். அவ்விடத்தில் கல் நிற்கட்டும்.

ஒரு மனைப்பிரிவுக்கு வேண்டிய கற்களை நாட்டி, அளந்து, கணக்கில் ஏற்றுவதற்கு ஆகும் செலவு, அந்நிலத்தின் விலையில் மிகச் சிறு பகுதியே. அச்செலவைத் தவிர்த்ததனால் எழும் ஒரே ஒரு வழக்கு, இரண்டு குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்து, ஒரு தலைமுறைப் பகையையும் விளைவித்துவிடும். எனவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தங்கள் எல்லைக்குள் புதிதாகத் தோன்றும் ஒவ்வொரு மனைப்பிரிவிலும், முதல் வீடு எழும்புமுன்னரே கற்களை எண்ணிப் பார்ப்பார்களாக. விவசாயப் பெருமக்கள் தம் நிலத்துக் கற்களை விதைப்புக்கு முன் ஒரு முறையும், அறுவடைக்குப் பின் ஒரு முறையும் சுற்றிப் பார்ப்பதை வழக்கமாகக் கொள்வார்களாக. எல்லை தெளிவாக இருக்கும் ஊரில் அண்டை அயலார் உறவும் செம்மையாக இருக்கும்.